செட்ரிசின் 10, லெவோசெட்ரிசின் 5... மீதிப் பாதி எங்கே போச்சு? | மருந்து டப்பா - 14

மழைக்காலம் வந்தால் நம் வீடுகளில் தும்மலும் வந்துவிடும். டாக்டர் சீட்டை மெடிக்கல் ஷாப்பில் நீட்டினால் சிலருக்கு செட்ரிசின் 10 மி.கி. கிடைக்கும், சிலருக்கு லெவோசெட்ரிசின் 5 மி.கி. இரண்டும் அதே தும்மலுக்குத்தான், அதே மூக்கொழுகலுக்குத்தான். அப்புறம் ஏன் ஒன்றில் 10, இன்னொன்றில் 5? 'லெவோ' என்றால் லைட்டான மாத்திரையா? சின்னப் பிள்ளைகளுக்கானதா? இந்தப் பகுதி ஆரம்பித்த நாளிலிருந்து இன்பாக்ஸில் அடிக்கடி வந்து விழும் கேள்வி இது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 10 மி.கி. செட்ரிசினில் தும்மலை அடக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது 5 மி.கி.தான். மீதி 5 மி.கி., அதே மூலக்கூறின் கண்ணாடி பிம்பம். அந்தப் பிம்பத்தைப் பிரித்து எடுத்துவிட்டு, வேலை செய்கிற பாதியை மட்டும் மாத்திரையாக்கினால் அதுதான் லெவோசெட்ரிசின்.

பதில் அவ்வளவுதான். ஆனால், 'பிரித்து எடுத்துவிட்டு' என்று போகிற போக்கில் எழுதினேன் பாருங்கள், அந்த இரண்டு வார்த்தைகள்தான் இந்த வாரக் கதை. பிளஸ் டூ-வோடு கெமிஸ்ட்ரிக்கு டாட்டா சொல்லிவிட்டு ஜர்னலிசம் டிப்ளமோ பக்கம் போன எனக்கே, இதைப் படித்தபோது லேப் பக்கம் ஒரு எட்டு போய்ப் பார்க்கலாமா என்று தோன்றியது.

வலம்புரியும் இடம்புரியும்

சங்கில் வலம்புரி, இடம்புரி என்று இரண்டு உண்டு. நிறம் ஒன்று, ஓடு ஒன்று, உள்ளே இருக்கும் உயிரும் ஒரே இனம். சுழி மட்டும் எதிரெதிர்த் திசை. ஒன்றைக் கண்ணாடி முன் வைத்தால் மற்றது தெரியும். எப்படித் திருப்பி வைத்தாலும் ஒன்றை மற்றதாக மாற்ற முடியாது. நம் இரண்டு கைகளும் அப்படித்தான். வலது கையுறையை இடது கையில் மாட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மூலக்கூறுகளிலும் இப்படி 'கை' உள்ளவை நிறைய. ஒரே அணுக்கள், ஒரே வரிசை, ஒரே எடை. முப்பரிமாணத்தில் அடுக்கப்பட்ட விதம் மட்டும் எதிரெதிர். இந்தக் கட்டுரையில் அவற்றை வலம்புரி, இடம்புரி என்றே கூப்பிடப் போகிறேன். விஞ்ஞானிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர்களில் 'லெவோ' என்றால் இடம், 'டெக்ஸ்ட்ரோ' என்றால் வலம். மாத்திரைப் பெயருக்கு முன்னால் 'லெவோ', 'டெக்ஸ்', 'எஸ்' என்று ஒட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் விஷயம் இதுதான்: 'இதில் ஒரு கை மட்டும்தான் இருக்கிறது.'

இந்த வித்தியாசம் நம் உடம்புக்குத் தெரியுமா? மூக்குக்கே தெரியும். புதினா வகைகளில் ஸ்பியர்மின்ட் என்று ஒன்று உண்டு. அதன் வாசனைக்குக் காரணம் கார்வோன் என்ற மூலக்கூறு. சதகுப்பை விதையின் வாசனைக்குக் காரணமும் கார்வோன்தான். ஒன்று இடம்புரி, இன்னொன்று வலம்புரி. யாராவது புதினாவை முகர்ந்து சதகுப்பை என்று சொல்வார்களா? நம் உடம்பே ஒரு பக்கக் கை கொண்ட மூலக்கூறுகளால் கட்டப்பட்டது. புரதங்களும் அப்படி, சர்க்கரைகளும் அப்படி. மருந்து போய் உட்கார வேண்டிய இடம் ஒரு கையுறை மாதிரி. சரியான கை வந்தால் கச்சிதமாக நுழையும். எதிர்க்கை வந்தால் சும்மா சுற்றிவிட்டு வெளியேறும், அல்லது வேறு எங்காவது போய் நுழைந்து வேண்டாத வேலை பார்க்கும்.

உயிருள்ள செடி தயாரிக்கும்போது ஒரு கையை மட்டும்தான் பெரும்பாலும் தயாரிக்கும். தொழிற்சாலையில் சாதாரண முறையில் தயாரித்தால் இரண்டும் சரிபாதியாக வரும். நாணயத்தைக் கோடி கோடி முறை சுண்டினால் பூவும் தலையும் பாதிப் பாதி விழுவது போல. அப்படி வந்த கலவையைப் பிரிப்பதுதான் தலைவலி. இரண்டுக்கும் கொதிநிலை ஒன்று. காய்ச்சி வடிக்க முடியாது. தண்ணீரில் கரையும் அளவு ஒன்று. கரைத்துப் பிரிக்க முடியாது. எடை ஒன்று, உருகுநிலை ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சோதனை வைத்தாலும் இரண்டும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

இந்தப் பிடிவாதக்கார ஜோடியை முதன்முதலில் பிரித்தவர் கையில் இருந்தவை ஒரு லென்ஸும் இடுக்கியும்தான்.

இடுக்கியால் பொறுக்கிய 25 வயது இளைஞர்

1848, பாரிஸ். லூயி பாஸ்டருக்கு வயது 25. வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பாலைப் 'பாஸ்டரைஸ்' செய்வது எல்லாம் இன்னும் பல வருடங்கள் கழித்து வரப்போகிற கதைகள். அப்போது அவர் படிகங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளம் வேதியியலாளர், அவ்வளவுதான்.

ஒயின் பீப்பாய்களின் உள்சுவரில் ஒரு படிவு ஒட்டும். அதிலிருந்து எடுப்பது டார்டாரிக் அமிலம். (நம் வீட்டுப் புளியின் புளிப்புக்கு முக்கியக் காரணமும் இதே அமிலம்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.) ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டிய ஒளியை இந்த அமிலக் கரைசல் வழியாக அனுப்பினால், அந்தத் தளம் வலப்பக்கம் திரும்பி வெளியே வரும். ஆனால், அல்சாஸ் பகுதியில் இருந்த தான் என்ற ஊரின் தொழிற்சாலையில் ஒருமுறை வேறொரு அமிலம் கிடைத்தது. ரெசமிக் அமிலம் என்று பெயர். டார்டாரிக் அமிலத்தின் அதே அணுக்கள், அதே விகிதம். ஒளியை மட்டும் எந்தப் பக்கமும் திருப்பவில்லை. மிட்ஷர்லிக் என்ற ஜெர்மன் பேராசிரியர் 1844-ல், இரண்டு அமிலங்களின் ஒரு குறிப்பிட்ட உப்பைப் படிகமாக்கிப் பார்த்து, 'படிக வடிவம் உட்பட எல்லாமே ஒன்றுதான்' என்று எழுதிவிட்டார். எல்லாமே ஒன்று என்றால் ஒளி மட்டும் ஏன் திரும்பவில்லை?

பாஸ்டருக்கு இது உறுத்தியது. அந்த உப்பைத் தானே கரைத்து, படிகமாகும் வரை காத்திருந்து, லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படிகமாகப் பார்த்தார். படிகங்களின் ஓரத்தில் சின்னச் சின்ன முகப்புகள் இருந்தன. சிலவற்றில் அவை வலப்பக்கம் சாய்ந்திருந்தன. சிலவற்றில் இடப்பக்கம். பெரிய பேராசிரியர் கண்ணில் படாதது இதுதான்: தட்டில் இருந்தது ஒரு வகைப் படிகம் அல்ல, ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு வகை.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அரிசியில் கல் பொறுக்குவது போல உட்கார்ந்து பொறுக்கினார். வலப்பக்கக்காரர்கள் ஒரு குவியல், இடப்பக்கக்காரர்கள் ஒரு குவியல். தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து ஒளியை அனுப்பினார். ஒரு கரைசல் ஒளியை வலப்பக்கம் திருப்பியது. இன்னொன்று கிட்டத்தட்ட அதே அளவுக்கு இடப்பக்கம். இரண்டையும் சம அளவில் கலந்தால் ஒன்றை ஒன்று ரத்து செய்து, ஒளி நேராகப் போனது. ரெசமிக் அமிலம் தனியான பொருளே அல்ல. வலம்புரியும் இடம்புரியும் சரிபாதி! சோதனைச்சாலையிலிருந்து ஓடிவந்து, வராந்தாவில் எதிர்ப்பட்டவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார் பாஸ்டர் என்று ஒரு கதை உண்டு.

இந்தச் செய்தி ழான்-பாட்டிஸ்ட் பியோவிடம் போனது. ஒளியைத் திருப்பும் திரவங்களைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்த பெரியவர். அப்போது 74 வயது. அவர் உடனே நம்பிவிடவில்லை. 'என் முன்னால் செய்து காட்டு' என்று கூப்பிட்டார். அமிலத்தைத் தன் கையாலேயே எடுத்துக்கொடுத்தார். சேர்க்க வேண்டிய மற்ற பொருள்களும் அவருடையவை. கரைசலைத் தன் அறையிலேயே வைத்துக்கொண்டார். 30, 40 கிராம் படிகம் சேர்ந்ததும் பாஸ்டரை வரச்சொல்லி, கண்ணெதிரே பிரிக்கச் சொன்னார். பிறகு கரைசலையும் தானே தயாரித்தார். இடப்பக்கம் திருப்பும் என்று பாஸ்டர் சொன்னதைத்தான் முதலில் கருவியில் வைத்தார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. நெகிழ்ந்துபோன பெரியவர் அந்த இளைஞரின் கையைப் பற்றிக்கொண்டார்.

ஒருவர் கண்டுபிடித்ததை இன்னொருவர், தன் கைப்பட எல்லாப் பொருளையும் கொடுத்து, நின்று சரிபார்க்கிறார். வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவக் குறிப்புகளைத் தினமும் சரிபார்க்கும் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பதால், பாஸ்டரைவிட பியோ மீதுதான் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம்.

செருப்புக்கடை லக்

பாஸ்டருக்குத் திறமையோடு இரண்டு அதிர்ஷ்டங்களும் இருந்தன.

ஒன்று, அவர் எடுத்த உப்பு. செருப்புக்கடையில் இரண்டு விதமாக அடுக்கலாம். இடது செருப்பெல்லாம் ஓர் அலமாரி, வலது செருப்பெல்லாம் ஓர் அலமாரி. அல்லது, ஒரு பெட்டிக்குள் இடதும் வலதும் ஜோடியாக. மூலக்கூறுகள் படிகமாகும்போதும் இப்படித்தான். 'ஒரு படிகம், ஒரே கை' என்று அடுக்கிக்கொள்ளும் பொருள்கள் 100-ல் 5 முதல் 10 வரைதான். மற்றவை ஜோடிப் பெட்டிக்காரர்கள். ஒவ்வொரு படிகத்துக்குள்ளும் இரண்டு கைகளும் மாறி மாறி உட்கார்ந்திருக்கும். அவற்றை எந்த லென்ஸில் பார்த்துப் பொறுக்கினாலும் பயனில்லை. பாஸ்டரின் கையில் கிடைத்தது அந்தச் சிறுபான்மை வகை.

இரண்டாவது அதிர்ஷ்டம், பாரிஸின் குளிர். அந்த உப்பு சுமார் 27 டிகிரி செல்சியஸுக்குக் கீழே படிகமானால்தான் கை கையாகப் பிரியும். அதற்கு மேலே போனால் அதுவும் ஜோடிப் பெட்டிக்குள் போய்விடும். சென்னை மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில் பாஸ்டர் இதைச் செய்திருந்தால் மிட்ஷர்லிக் சொன்னதே சரி என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்!

சரி, பொறுக்கவே முடியாத அந்தப் பெரும்பான்மைக்கு என்ன வழி? அதையும் பாஸ்டரே 1853-ல் காட்டிவிட்டார்.

கரன்ட் போன இருட்டில், கோயில் வாசலில் செருப்புக் குவியல். ஒரே மாடல், ஒரே சைஸ். எது இடது, எது வலது என்று கண்ணுக்குத் தெரியாது. என்ன செய்வீர்கள்? வலது காலை நுழைத்துப் பார்ப்பீர்கள். வலது செருப்பு பொருந்தும். இடது செருப்பு பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும். செருப்புகள் ஒன்றுக்கொன்று பிம்பம்தான். ஆனால், 'வலது கால் நுழைந்த வலது செருப்பும்' 'வலது கால் நுழைந்த இடது செருப்பும்' பிம்பம் அல்ல. இரண்டும் வேறு வேறு. வேறு வேறு என்றால் கரையும் அளவும் வேறு. ஒன்று முதலில் படிகமாகி அடியில் விழும், மற்றது கரைசலிலேயே தங்கும். வடிகட்டி, காலை உருவிவிட்டால் ஒரே கை!

அந்தக் 'காலாக' பாஸ்டர் எடுத்துக்கொண்டது சின்கோனா மரப்பட்டையில் கிடைக்கும் குயினைன் குடும்பத்துப் பொருள்களை. மலேரியாவுக்காக நம் நீலகிரியில் 1860-களில் பயிரிட ஆரம்பித்தார்களே, அதே சின்கோனா. மரம் தயாரித்தது என்பதால் அது எப்போதும் ஒரே கை. சின்கோனாவை வைத்து டார்டாரிக் அமிலத்தைப் பிரித்தார். இன்றைய மருந்துத் தொழிற்சாலைகள் அதைத் திருப்பிப் போட்டன: டார்டாரிக் அமிலத்தை வைத்து மருந்துகளைப் பிரிக்கின்றன.

இங்கேதான் நம் வீட்டுப் புளி திரும்ப வருகிறது. லெவோசெட்ரிசின் தயாரிக்கும் வழிகளில், அதன் ஆரம்பநிலைப் பொருளை டார்டாரிக் அமிலத்தோடு சேர்த்துப் படிகமாக்கிப் பிரிப்பதும் ஒன்று. காசநோய்க்குத் தரும் எதாம்புடால் மாத்திரையின் மூலப்பொருளையும் இந்த அமிலத்தை வைத்துப் பிரிக்கலாம். எதாம்புடாலின் எதிர்க்கை வடிவம் காசநோய்க் கிருமியிடம் ஏறக்குறைய எடுபடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் க்ளோபிடோக்ரெல் மாத்திரைக்கு வேறொரு 'கால்': கற்பூரத்திலிருந்து செய்யும் ஓர் அமிலம். ரத்தம் கட்டிக்கொள்ளாமல் காப்பது அந்த மருந்தின் ஒரு கை மட்டும்தான். எதிர்க்கைக்கு அந்தத் திறன் கிடையாது. விலங்குகளுக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்தபோது வலிப்பு வந்தது. அப்படியென்றால் அந்தத் தொழிற்சாலையில் படிகம் சரியாக விழுவது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆச்சியின் கணக்கு

தொழிற்சாலை பிரித்துக் கொடுத்துவிட்டது. நம் வீட்டுக்கு வந்தபின் குழப்புவது நாம்தான்.

எங்கள் ஆச்சிக்குப் பல வருடமாக பிபி. அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிட்டு வந்தார். போன வருடம் புது டாக்டர் எஸ்-அம்லோடிபின் 2.5 என்று எழுதிக் கொடுத்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்த ஆச்சிக்கு ஒரே யோசனை. "முன்ன அஞ்சு போட்டேன், இப்ப ரெண்டரைதான் இருக்கு. ரெண்டா போட்டாத்தான பழைய கணக்கு வரும்?" என்று இரண்டு மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மா பார்த்து, "அத்தை, பொறுங்க, டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்" என்று நிறுத்தினார்.

அம்லோடிபினிலும் ரத்தக்குழாயைத் தளர்த்தி பிரஷரைக் குறைப்பது ஒரு கைதான். எஸ்-அம்லோடிபின் என்பது அந்தக் கை மட்டும். ஆகவே 2.5 மி.கி. எஸ்-அம்லோடிபின், பழைய 5 மி.கி.க்குச் சமம். ஆச்சி இரண்டாகப் போட்டிருந்தால் பழைய கணக்கில் 10 மி.கி. ஆகியிருக்கும். தலைசுற்றல், கால் வீக்கம் என்று போயிருக்கும். மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு மனநல மருத்துவர்கள் தரும் மருந்துகளிலும் இதே கதை: சிட்டலோபிராம் 20 மி.கி. இருந்த இடத்தில் எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. வரும். அட்டையில் பெயரின் முன்னால் இருக்கும் ஓரெழுத்தையும் எண்ணையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பழைய அட்டை மிச்சமிருக்கிறதே என்று அதையும் இதையும் மாற்றி மாற்றிப் போடும் வேலையை டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

ஒரு கை என்றாலே உசத்தியா? அப்படியும் இல்லை. இபுப்ரோஃபென் வலி மாத்திரையைப் பெரும்பாலும் இரண்டு கையும் கலந்துதான் விற்கிறார்கள். வேலை செய்யாத கையில் ஒரு பெரும்பகுதியை நம் உடம்பே வேலை செய்யும் கையாக மாற்றிக்கொள்ளும். பிறகு எதற்கு மெனக்கெட்டுப் பிரிப்பது?

தாலிடோமைட் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக வந்து, கர்ப்பிணிகளின் மசக்கைக்கும் கொடுக்கப்பட்டு, 1961-ல் அங்கே திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாடுகளோடு பிறக்கக் காரணமான மருந்து. 'அதன் ஒரு கை நல்லது, மறு கை கெட்டது. நல்ல கையை மட்டும் பிரித்துக் கொடுத்திருந்தால் அத்தனை குழந்தைகளும் தப்பியிருக்கும்' என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது அவ்வளவு எளிதல்ல. தாலிடோமைட் உடம்புக்குள் போனதும் ஒரு கை இன்னொரு கையாக மாறிக்கொண்டே இருக்கும். சுத்தமான ஒரே கையை விழுங்கினாலும் கொஞ்ச நேரத்தில் ரத்தத்தில் இரண்டும் இருக்கும். பிரித்திருந்தாலும் காப்பாற்றியிருக்காது. ஆனாலும், ஒவ்வொரு கையும் உடம்பில் என்ன செய்கிறது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் மருந்து உலகில் வலுத்தது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 1992-ல் இதற்கென்றே ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது.

கற்கண்டுக்கு நூல், மருந்துக்கு விதை

பனங்கற்கண்டு செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காய்ச்சிய பாகில் நூலைத் தொங்கவிட்டு, நாள்கணக்கில் அசைக்காமல் விட்டால் நூலைப் பிடித்துக்கொண்டு கற்கண்டு வளரும். படிகத்துக்கு முதலில் ஒரு பிடிமானம் வேண்டும். அது கிடைத்துவிட்டால் மற்றவை தானாக வந்து சேரும்.

பாஸ்டரின் மாணவர் ஜெர்னே 1866-ல் கவனித்ததும் இதுபோல ஒன்றைத்தான். இரண்டு கைகளும் கலந்த, கெட்டியான கரைசல். அதில் வலம்புரிப் படிகத் துணுக்கு ஒன்றைப் போட்டால் முதலில் வலம்புரிகள் மட்டும் வந்து ஒட்டுகின்றன. இடம்புரியைப் போட்டால் இடம்புரிகள். துணுக்குதான் விதை. இடுக்கியும் வேண்டாம், சின்கோனாவும் வேண்டாம். ஒரே கையாக அடுக்கிக்கொள்ளும் சிறுபான்மைப் பொருள்களுக்கு மட்டும் இந்த வழி. சரியான நேரத்தில் வடிகட்டவும் வேண்டும். அசந்தால் எதிர்க்கையும் படிகமாக ஆரம்பித்துவிடும்.

கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறும் பெண்களுக்கு மெத்தில்டோபா என்று ஒரு பழைய, நம்பகமான மாத்திரை உண்டு. அதைப் பெரிய அளவில் தயாரித்தது இந்த விதை முறையில்தான். இரண்டு தொட்டிகள், ஒன்றில் இந்தக் கையின் விதை, மற்றதில் அந்தக் கையின் விதை. ஒரே கரைசல் இரண்டு வழியாகவும் சுற்றிச் சுற்றி வரும். தலைவலித் தைலத்தில் ஜில்லென்று இருக்கிறதே மென்தால், அதைச் செயற்கையாகத் தயாரிக்கும் ஜெர்மன் நிறுவனம் ஒன்றும் இதே உத்தியைத்தான் பயன்படுத்துகிறது.

எல்லாம் சரி. எந்த முறையானாலும் ஒரு கணக்கு இடிக்கும். நமக்கு வேண்டியது ஒரு கை. தயாரித்ததில் பாதி எதிர்க்கை. 100 கிலோ தயாரித்தால் 50 கிலோவுக்கு மேல் கிடைக்காது. மிச்சத்தைக் கொட்டுவார்கள், அல்லது வெப்பம், காரம் கொடுத்து மறுபடியும் சரிபாதிக் கலவையாக மாற்றி, திரும்பவும் பிரிக்க ஆரம்பிப்பார்கள். அரிசி களைவது போலத் திரும்பத் திரும்ப. நேரம், கரைப்பான், கரன்ட் பில் எல்லாம் மாத்திரை விலையில் வந்து சேரும்.

கிரைண்டருக்குள் ஒரு தேர்தல்

அந்தப் பாதியை வீணாக்காமல் முழுவதையும் ஒரே கையாக மாற்ற முடியுமா? விடை, படிகத்தைக் கிளறுவதிலும் அரைப்பதிலும் இருந்து வந்தது.

1990-ல் அமெரிக்காவில் திலீப் கொண்டேபுடியின் குழு ஒரு சாதாரண சோதனை செய்தது. சோடியம் குளோரேட் என்ற உப்பு. இதன் மூலக்கூறுக்குக் 'கை' கிடையாது, ஆனால் படிகத்துக்கு உண்டு. கரைசலை அசைக்காமல் விட்டால் வலம்புரிப் படிகங்களும் இடம்புரிப் படிகங்களும் ஏறத்தாழ சம அளவில் வந்தன. கிளறிக்கொண்டே இருந்தால்? ஒரு பாத்திரத்தில் வந்த படிகங்களில் 99 சதவீதத்துக்கும் மேல் ஒரே கை! முதலில் பிறந்த படிகத்தைக் கிளறல் உடைக்க, அந்தத் துணுக்குகளே மற்றவற்றுக்கு விதையாகிவிடுகின்றன.

2005-ல் மாட்ரிட்டைச் சேர்ந்த கிறிஸ்டோபல் வியட்மா இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் இரண்டு கைப் படிகங்களையும் வேண்டுமென்றே சரிபாதியாகப் போட்டு, கரைசலில் கண்ணாடிக் குண்டுமணிகளையும் போட்டுச் சுற்றவிட்டார். நம் வெட் கிரைண்டர் மாதிரிதான். மணிகள் படிகங்களை அரைத்துக்கொண்டே இருந்தன. நேரம் போகப் போக ஒரு கை குறைந்தது, மறு கை கூடியது. கடைசியில் பாத்திரம் முழுக்க ஒரே கை.

மாயம் இல்லை. அரைக்கும்போது பொடித் துணுக்குகள் உண்டாகின்றன. பொடி சீக்கிரம் கரையும். பெரிய படிகம் வளரும். கரைவதற்குள் ஒரு துணுக்கு தன் இனத்துப் படிகத்தைச் சந்தித்துவிட்டால் அதில் ஒட்டிப் பிழைத்துக்கொள்ளும். எந்த இனம் ஒரு துளி அதிகமாக இருக்கிறதோ, அதன் துணுக்குகளுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். சிறுபான்மைத் துணுக்குகள் சொந்தம் தேடுவதற்குள் கரைந்துபோகும். கரைந்ததும் கை மறந்துபோகும். அடுத்த முறை பெரும்பான்மையோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு சுற்றில் ஒரு துளி, அடுத்த சுற்றில் இன்னொரு துளி என்று ஒருவரே எல்லா வாக்குகளையும் அள்ளிவிடுவார்.

'உப்பில் சரி, மருந்தில் நடக்குமா?' என்பது அடுத்த கேள்வி. 2008-ல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகக் குழு, கை உள்ள மூலக்கூறிலேயே, ஒரு அமினோ அமிலத்தின் வழிப்பொருளில், இதைச் செய்து காட்டியது. கரைசலில் இருக்கும்போது கை மாறிக்கொள்ளும்படி சிறிது காரம் சேர்த்துவிட்டு அரைத்தார்கள். அடுத்த ஆண்டே க்ளோபிடோக்ரெல் மாத்திரைக்கான முன்னோடிப் பொருளிலும் இந்த அரைக்கும் முறை பலித்தது. வேண்டாத கையைக் கொட்டாமல், அதையே வேண்டிய கையாக மாற்றிக்கொள்ளும் வழி!

ஆனாலும் எல்லா மருந்துக்கும் நாளைக்கே இது வந்துவிடாது. பொருள், ஒரே கையாக அடுக்கிக்கொள்ளும் அந்த 5-10 சதவீத வகையாக இருக்க வேண்டும். கரைசலில் கை மாறக்கூடியதாகவும் இருக்க வேண்டும், அதுவும் மூலக்கூறு கெட்டுப்போகாமல். இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம். அதனால்தான் படிகத்தை நம்பும் தொழிற்சாலைகளில் டார்டாரிக் அமிலம் இன்னும் மூட்டை மூட்டையாக இறங்குகிறது.

மருந்து செய்பவர்கள் எந்தக் கை ஜெயிக்க வேண்டுமோ அதில் ஒரு சிட்டிகையை முதலிலேயே கூடுதலாகப் போட்டுவிடுவார்கள். தேர்தல் முடிவு முன்பே தெரிந்துவிடும். அப்படி எதுவும் போடாமல் வியட்மாவின் பாத்திரத்தைச் சுற்றவிட்டால் ஒரு தடவை வலம்புரி ஜெயிக்கும், இன்னொரு தடவை இடம்புரி. பூமியில் உயிர்கள் தோன்றியபோது நம் புரதங்களுக்கு ஏன் இந்தக் கை மட்டும் வாய்த்தது என்று தேடுபவர்களும் இந்தக் கண்ணாடி மணிச் சோதனையைத்தான் இப்போது உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே முதல் சிட்டிகையைப் போட்டது யார் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

(டப்பா அடுத்த வாரமும் திறக்கும்!)